குதிரைவாலிச் சோற்றின் மணம் எங்கே போயிற்று?

அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி என்று பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. அங்குள்ள முதியவர் ஒருவரிடம், “சிறு வயதில் உண்டவற்றில் இப்போது கிடைக்காதது எது?” என்று கேட்டுப் பாருங்கள். குதிரைவாலிச் சோறு என்று அவர் சொல்லக்கூடும். “கடையில் பொட்டலம் பொட்டலமாக விற்கிறதே!” என்றால், “அது அந்தச் சோறு அல்ல” என்பார். இது வெறும் ஏக்கமா, அல்லது இதில் உண்மை உண்டா? பார்ப்போம்.

குதிரைவாலி புல்லினத்தைச் சேர்ந்த சிறுதானியம். இவ்வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். புரட்டாசியில் விதைத்த குதிரைவாலி, அந்த ஈரத்தைக் கொண்டே ஏறக்குறைய 100 நாட்களில் விளைந்துவிடுகிறது. சோளத்தையும் கரும்பையும் போல இதுவும் கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்தும் பயிர். ஆகவே இலைத்துளைகளை அகலத் திறக்க வேண்டியதில்லை. நீர் வீணாவதும் குறைவு.

உமி என்னும் காவல்

ஆயிரம் நெல்மணிகளை நிறுத்தால் சுமார் 20 கிராம் இருக்கும். ஆயிரம் குதிரைவாலி மணிகளோ 3 அல்லது 4 கிராம்தான்! இந்தச் சின்னஞ்சிறு மணியைப் பளபளப்பான கடின உமி மூடியிருக்கிறது. அதனுள் தவிட்டுப் படலம், அதற்கும் உள்ளே மாவுப்பகுதி, ஓர் ஓரத்தில் முளை.

ஒரு பொருள் சிறியதாக ஆக ஆக, அதன் எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு பெரிதாகும். விட்டம் பாதியானால், ஒரு கிராமுக்குரிய மேற்பரப்பு இரு மடங்காகிறது. எனவே சிறுமணியில் தவிட்டின் பங்கு கணிசமானது. அதை வெள்ளை வெளேரென்று தீட்டினால் இழப்பும் அதிகம். நார்ச்சத்து, எண்ணெய், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும்தானே இருக்கின்றன!

உமியோடு இருக்கும் தானியம் நெடுநாள் கெடாது. உமியை நீக்கியதும் நிலைமை மாறுகிறது. இடிபடும்போது தவிட்டின் செல்கள் உடைகின்றன. அதிலுள்ள ‘லைப்பேஸ்’ என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வேலை செய்ய, சிக்கு வாடையும் கசப்பும் தோன்றுகின்றன. நம் பாட்டிமார் லைப்பேஸை அறியார். ஆனால் அன்றைக்கு வேண்டியதை அன்றன்றே உரலில் இட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து உலையில் போட்டார்கள். தவிடு ஓரளவு ஒட்டியிருந்த, புதிதாகக் குத்திய அரிசி அது.

நாவா, மூக்கா?

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகளையே. சோற்றை மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகிறது. நாம் ‘ருசி’ என்பதில் பெரும்பங்கு இந்த மணமே. மற்றப் புலன்களின் செய்திகள் ‘தலாமஸ்’ என்ற நிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்பகுதிக்குச் செல்கின்றன. மணச்செய்தியோ அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே நெருங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு வாசனை, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய அடுப்படியைக் கண்முன் நிறுத்திவிடுகிறது. தீட்டிய அரிசியில் அந்த மணம் குறைவு. முதியவர் சொன்னது சரிதான்!

ஏன் மறைந்தது?

ஆனால் அந்த மணத்துக்கு விலை கொடுத்தவர் யார்? பகலெல்லாம் காட்டில் உழைத்துத் திரும்பி, மாலையில் உலக்கை பிடித்த பெண்கள். கைகள் காய்த்துப் போகக் குத்தினால்தான் அன்றிரவு சோறு. அந்நாளில் நெல்லுச் சோறு பல வீடுகளில் தீபாவளி, பொங்கலுக்கு மட்டுமே. ரேஷன் கடையில் குத்த வேண்டாத அரிசி கிடைத்ததும் உலக்கை மூலைக்குப் போனது. 2011 முதல் தமிழகத்தில் அந்த அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. இதில் யாரைக் குறை கூற முடியும்? ஜப்பானின் வடபகுதியிலும் ‘ஹியே’ என்ற குதிரைவாலி இனம் ஏழைகளின் உணவாயிருந்து, நெல் பரவியபின் ஒதுங்கிற்று.

நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்தது. சிறுமணிக்கு அது பொருந்தவில்லை. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு, விதை உண்டு, நிலமும் உண்டு. விளைந்த ஊரிலேயே உமி நீக்கும் வசதிதான் அரிது. மணிகளைச் சுழற்றிச் சுவரில் வீசி உமியை உடைக்கும் இயந்திரங்கள் இன்று இருக்கின்றன. இவை மணியை அதிகம் தேய்ப்பதில்லை. ஆகவே தவிடு தங்குகிறது.

ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கடைகளில் பொட்டலங்கள் பெருகின. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். தூய வெண்மை தவிடு போனதைக் காட்டும். இலேசான பழுப்பு தவிடு இருப்பதைக் காட்டும். முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை இருந்தால் வேண்டாம். சிறிதளவே வாங்கி, காற்றுப் புகாமல் மூடி, சில வாரங்களுக்குள் சமைத்துவிடுங்கள்.

ஊருக்கு ஒரு சிறு உமி நீக்கும் இயந்திரம் அமைந்தால், பழைய மணம் மீண்டும் அடுப்படிக்கு வரும். உலக்கையின் வலி மட்டும் திரும்பி வர வேண்டியதில்லை.