படிந்த கூந்தலும் வாவிக் காற்றும்

மகளிர் கூந்தலுக்கு ஐம்பால் என்று பெயரிட்டனர் முன்னோர். குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என ஐவகையாக அது முடிக்கப்படுதலின் அப்பெயர் அமைந்தது. இவ்வைந்தும் மயிரை ஒழுங்குசெய்யும் வகையைச் சுட்டுவன. கூந்தலின் பொலிவு பிறப்பினால் மட்டும் வருவதன்று, கைத்திறத்தினாலும் வருவது என்னும் உண்மை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. எனினும், நேராகவும் மெலிதாகவும் தலையோடு ஒட்டிப் படியும் கூந்தலைப் பெற்ற பெண்கள், தமக்கு ஏதோ குறை நேர்ந்துவிட்டதாக வருந்துவதுண்டு. அவ்வருத்தத்தைப் பணமாக்கும் எண்ணெய்ப் புட்டிகளும் கடைகளில் நிறைந்து கிடக்கின்றன. எது இயலும், எது இயலாது என்று அறிந்துகொண்டால் வருத்தமும் குறையும்; வீண் செலவும் குறையும்.

மனிதனின் தலையில் ஏறக்குறைய 1 இலட்சம் மயிர்கள் உள்ளன. அவை முளைக்கும் மயிர்க்கால்கள் பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. எந்தத் தைலமும் புதிய மயிர்க்காலை உண்டாக்குவதில்லை. தோலுக்கு வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. குழந்தைக்கு மொட்டையடித்தால் மயிர் தடித்து வளரும் என்பதும் வெறும் நம்பிக்கையே. வெட்டப்பட்ட முனை மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தோன்றுகிறது; மயிரின் பருமன் மாறுவதில்லை.

நேரான மயிர் ஏன் எளிதில் படிகிறது? தலைத்தோல் இயற்கையாகவே நெய்ப்பசையைச் சுரக்கிறது. சுருண்ட மயிரில் அப்பசை வளைவுகளைக் கடந்து செல்ல நாளாகும். நேரான மயிரிலோ அது தடையின்றிக் கீழே பரவி, மயிர்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடுகிறது. அதன்மேல் நாள்தோறும் எண்ணெயையும் தடவினால் கூந்தல் மேலும் படியும். அடர்த்தி வேண்டிப் பூசும் எண்ணெயே அடர்த்தியை மறைத்துவிடுகிறது.

இதனுடன் காற்றின் இயல்பையும் சேர்த்து எண்ண வேண்டும். கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆண்டின் நடுப்பகுதியில் நிலத்தின் மேலாக வெப்பத்தோடு வீசும் கச்சான் காற்று மயிரின் ஈரத்தை உறிஞ்சி, அதனை வறண்டு சிக்குப்படச் செய்கிறது. ஆண்டிறுதியில் வரும் வாடைக் காற்றும் மழையும் எங்கும் ஈரத்தை நிறைக்கின்றன. மயிருக்குள் ஐதரசன் பிணைப்புகள் என்னும் மெல்லிய கட்டுகள் பல உள்ளன. நீர் பட்டால் அவை அவிழும். காயும்போது, மயிர் எவ்வடிவில் இருக்கிறதோ அவ்வடிவிலேயே மீண்டும் இறுகும். ஈரக் கூந்தலைப் பின்னிக் காயவிட்டால் அலையலையாக நெளிவு தோன்றுவது இதனாலேயே. மாரிகாலத்து ஈரக் காற்றில் அந்த நெளிவு விரைவில் தளர்ந்துவிடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே, செய்யத்தக்கவை எளியனவே. எண்ணெயைத் தலை முழுகுவதற்கு முன்னர் வைத்து, பின்னர் நன்கு கழுவிவிடுதல் நன்று. தேங்காயெண்ணெய் மயிரினுள் ஓரளவு ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. கடலோரக் கிணறுகள் சிலவற்றில் நீர் உவராகவும் கடினமாகவும் இருக்கும். அந்நீரில் சவர்க்காரம் இட்டால், வெண்படிவு மயிரில் தங்கி ஒளியைக் கெடுக்கும். அரப்போடு தேசிக்காயும் சேர்த்துத் தலை முழுகும் பழைய வழக்கத்தின் பொருள் இங்கே விளங்கும். தேசிக்காயின் புளிப்பு அப்படிவைக் கரைத்துவிடுகிறது. முழுகியபின் தலையைத் தாழ்த்திக் கூந்தலை முன்புறம் தொங்கவிட்டு உலர்த்தினால், அடிமயிர் சற்றே நிமிர்ந்து நிற்கும். சாம்பிராணிப் புகை காட்டுவதிலும் மணத்தோடு உலர்த்தும் பயன் சேர்ந்துள்ளது. முக்கால்பங்கு காய்ந்த நிலையில் நான்கைந்து தளர்ந்த பின்னல்களாகப் பின்னி, முழுதும் காய்ந்தபின் அவிழ்த்தால் கூந்தல் இருமடங்காகத் தோன்றும். நெடுநாள் ஒரே இடத்தில் எடுத்த வகிட்டைச் சிறிது மாற்றுவதும் பயன் தரும்.

நிலையான சுருளை விரும்புவோர்க்கு இரசாயன முறைகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் பிறந்த கார்ல் நெஸ்லர் என்பவர் வெப்பத்தையும் காரப் பொருளையும் கொண்டு இத்தகைய முறையொன்றை லண்டனில் அறிமுகப்படுத்தினார். இம்முறைகள் மயிரின் வலிய கந்தகப் பிணைப்புகளை உடைத்து மீண்டும் கட்டுவன. ஆதலின் சுருள் நீடிக்கும், மயிரின் வலிமையோ குறையும். மெல்லிய மயிருக்கு இந்த இழப்பு பெரிது.

இல்லாத அடர்த்தியை இருப்பதாகக் காட்டுவதும் பழைய கலையே. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் வேடம் பூண்டவர்கள் மரபில் ஆண்களே. இல்லங்களிலும், சீப்பில் கழிந்த மயிரைச் சேர்த்துத் திரித்துச் சவரியாக்கிக் கொண்டையினுள் வைக்கும் வழக்கம் இருந்தது. சவரி என்பது முதலில் கவரிமாவையும் அதன் வால்மயிரையும் குறித்த சொல். திருப்பதி போன்ற தலங்களில் காணிக்கையாக இறக்கப்படும் முடி, இன்று ஏலத்தில் விற்கப்பட்டுப் பிற நாடுகளிலும் பொய்முடியாகிறது. சவரி அணிவதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஆனால், அது பாரமின்றி இருக்க வேண்டும், இறுகக் கட்டலாகாது, இரவில் கழற்றிவிட வேண்டும். ஓயாமல் இழுக்கப்படும் மயிர்க்கால் நாளடைவில் மயிரைத் தராது போகும்.

இறுதியாக ஒன்றை மறத்தலாகாது. பிறப்பிலேயே மெல்லிதாக இருக்கும் கூந்தல் வேறு. அடர்ந்திருந்து திடீரென மெலியும் கூந்தல் வேறு. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் பின் இரண்டு மூன்று மாதங்களில் மிகுதியாக உதிர்ந்து, பெரும்பாலும் தானே மீண்டும் வளரும். இக்காரணங்கள் எவையுமின்றிக் கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்வதோடு, களைப்பும் மூச்சு வாங்குதலும் சேர்ந்து வருமாயின், இரும்புச் சத்துக் குறைந்த இரத்தசோகையோ தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறோ இருத்தல் கூடும். அந்நிலையில் கடைத் தைலத்தை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருப்பது நோயை வளரவிடுவதாகும். இரத்தத்தைச் சோதித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவதே முறை. படிந்த கூந்தலுக்குப் பின்னலும் சீப்பும் போதும். உதிரும் கூந்தலுக்கு அவை போதா.