நதியின் வரவு செலவு

ஒரு குழாய் தொட்டியை நிரப்ப, மற்றொரு குழாய் அதனை வெறுமையாக்க, தொட்டி எப்பொழுது நிரம்பும் என்னும் கணக்கை 30 ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான். “இரண்டாவது குழாயை மூடிவிட்டால் என்ன, ஐயா?” என்று கேட்பவன் வகுப்புக்கு ஒருவனாவது இருப்பான். நியாயமான கேள்விதான். நதி நீரின் தூய்மையைக் கணிப்பொறி முன்கூட்டியே கூறும் முறை அந்தக் கணக்கின் விரிவே.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே மீன்கள் சுவாசிக்கின்றன. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏழரைதான். நதியின் கையிருப்பு அவ்வளவே. சாக்கடை கலந்தால், அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கும்போது இக்கையிருப்பு செலவாகிறது. மேலே உள்ள காற்று அந்த இழப்பை ஈடு செய்கிறது. கற்களிடையே துள்ளி ஓடும் ஆறு விரைவில் ஈடு பெறும். ஆழ்ந்து மெல்ல நகரும் ஆறு அவ்வாறு பெறாது.

அமெரிக்காவின் ஒஹையோ நதியை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இருவர் இந்த வரவையும் செலவையும் ஒரே சமன்பாட்டில் அமைத்து 1925இல் வெளியிட்டனர். அது காட்டிய உண்மை விந்தையானது. நதி மிகவும் மூச்சுத் திணறுவது சாக்கடை கலக்கும் இடத்தில் அன்று. அதற்குப் பல மைல் கீழே. அழுக்கை விட்ட ஊரார் தம் துறையில் நின்று, “எங்கள் நீருக்கு என்ன குறை?” என்று கேட்கலாம், மீன் செத்து மிதப்பது மற்றோர் ஊரில்.

ஒரே சாக்கடை என்றால் தாளும் பேனாவும் போதும். அந்நாட்டின் டெலாவேர் நதியோ பிலடெல்பியா முதலிய பல நகரங்களின் கழிவையும் ஆலைகளின் கழிவையும் ஏற்றது. கடலின் ஏற்ற வற்றத்தால் அதன் நீர் முன்னும் பின்னும் அலையும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், கோடையில் அங்கே பிராணவாயு அற்றுப்போய், முட்டையிடக் கடலிலிருந்து வரும் ஷாட் மீன்களுக்கு வழியடைந்தது. 1960களில் அறிஞர்கள் அந்நதியின் கீழ்ப்பகுதியை 30 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தொட்டியாகக் கொண்டனர். அவை ஒன்றோடொன்று கொடுத்து வாங்கும் கணக்கு கணிப்பொறியின் பொறுப்பாயிற்று. எந்த ஊர் எவ்வளவு கழிவைக் குறைத்தால் எங்கே எவ்வளவு பிராணவாயு மிகும், அதற்குச் செலவென்ன என்றெல்லாம் முன்னரே பேச முடிந்தது. 1967இல் பிலடெல்பியாவை ஒட்டிய நீருக்கு நாட்சராசரி லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் என்பது விதியாயிற்று. பின்னர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் செம்மையுற்றன. ஷாட் மீன்களும் திரும்பின.

ஆனால் இயந்திரம் நதியைக் கண்டதில்லை. அழுக்கு எவ்வளவு விரைவில் சிதைகிறது, காற்று எவ்வளவு விரைவில் கரைகிறது என்பவற்றை மனிதர்தாம் நீரை எடுத்துச் சோதித்துத் தரவேண்டும். ஒரு கோடையின் அளவுகளுக்குப் பொருந்துமாறு எண்களை அமைத்தபின், அவற்றை மாற்றாமலே மற்றொரு கோடைக்கும் கணக்கிட்டு ஒப்பிடுதல் முறை. விடையைப் பார்த்துவிட்டு வழியைத் திருத்தும் மாணவனுக்கு நான் மதிப்பெண் அளித்ததில்லை. விடியுமுன் எடுத்த நீரும் வேண்டும். பாசிகள் பகலில் தந்த பிராணவாயுவை இரவில் தாமே சுவாசித்துக் குறைக்கின்றன. காலை 10 மணிக்குப் படகேறி மாலை 4 மணிக்குக் கரையேறும் அலுவலரின் புட்டிகளில் அந்த இரவுச் செலவு பதிவாவதில்லை.