எழுத்தும் சட்டமும் கூடிய படிப்பு

ஆனைக்கரை என்னும் பெயரில் கேரளத்தில் இரண்டு ஊர்கள் உள. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தில். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், ஏலத் தோட்டங்களின் நடுவே. பின்னதிலிருந்து உறவினர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். "பிள்ளை இதழியலும் சட்டமும் சேர்ந்த படிப்பு வேண்டும் என்கிறான். முடித்தபின் கறுப்புக் கோட்டா, பேனாவா? இரண்டுங்கெட்டானாகிவிடுவானோ?" என்பது அவர் கவலை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இவ்வையம் உண்டாதலின் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

இவ்விரண்டும் கூடுவது புதிதன்று. 1878-இல் சென்னையில் 'இந்து' பத்திரிகையைத் தொடங்கிய அறுவருள் நால்வர் சட்ட மாணவர். 1905-இல் அதனை வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்காரும் வழக்கறிஞரே. பாலக்காட்டையடுத்த மங்கரையிற் பிறந்த சேற்றூர் சங்கரன் நாயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். 1922-இல் அவர் எழுதிய நூலொன்றில், பஞ்சாபின் முன்னாள் கவர்னர் ஓட்வயரைக் குறைகூறியதற்காக 1924-இல் லண்டனில் அவதூறு வழக்கில் தோற்று, 500 பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் ஏற்க நேர்ந்தது. சட்டத்தில் பழுத்தவர்க்கே இந்நிலையெனின், அச்சேறுமுன் செய்தியைச் சட்டக் கண்கொண்டு நோக்குவார் ஒருவர் பத்திரிகைக்கு எத்துணை வேண்டியவர்!

படிக்கும் வழி எளிது. பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் ஐந்தாண்டுப் படிப்பு; அன்றேல் இதழியற் பட்டத்துக்குப்பின் மூன்றாண்டுச் சட்டம். கல்லூரி பார் கவுன்சிலின் ஏற்புப் பெற்றதா என்பதை மட்டும் பணம் கட்டுமுன் கேட்டறிக.

பலர் தடுமாறுவது அதற்குப் பின்னர்தான். வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருத்தல் ஆகாது என்பது பார் கவுன்சில் விதி. ஆயினும் பத்திரிகைச் செய்திகளைச் சட்ட நோக்கிற் சரிபார்த்தல், சட்ட நூல் பதிப்பித்தல், மசோதாக்களை ஆராய்தல் முதலியவற்றை ஊதியம் பெற்றுச் செய்ய அவ்விதிகளே இடந்தருகின்றன. முழுநேர வேலையாகாத அளவில் வானொலிப் பேச்சும், எழுத்தும், கற்பித்தலும் ஆகும். தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளல் மட்டும் ஆகாது. முழுநேர நிருபராக விழைபவர் வழக்கு நடத்துதலை நிறுத்திவைத்தல் வேண்டும். ஆகவே கோட்டா பேனாவா என்னும் வினாவுக்கு, ஒன்று தொழிலாகவும் மற்றது துணையாகவும் அமையும் என்பதே விடை.

நீதிமன்றத்தை நாடாதவர்க்கு மத்தியத் தேர்வாணையத்தின் வழியே இந்தியத் தகவல் பணி உண்டு. சட்ட மொழிபெயர்ப்பும் உண்டு. நம் தொழிலாதலின் இதனைச் சற்றே நீட்டுகிறோம், பொறுத்தருள்க. 2019 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்படுகின்றன. "செய்யலாம்" என்றிருப்பதைச் "செய்தல் வேண்டும்" என்று பெயர்த்துவிட்டால் ஒருவன் உரிமை மற்றொருவன் கடமையாகிவிடும். அகராதி மட்டும் கற்றவர்க்கு இவ்வேறுபாடு கண்ணிற் படாது.

இனி ஆனைக்கரை. அம்மலைத் தோட்டங்களில் உழைப்போருள் தமிழர் பலர். கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே மறுமொழி பெற, 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையோர்க்கு இடமளித்தது. 1987-ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டமோ பெண்டிர்க்கும், தொழிலாளர்க்கும், பட்டியல் வகுப்பினர்க்கும் இலவச உதவி வகுத்துள்ளது. ஆயினும் கூலிபாக்கிக்கு மனு எழுதத் தெரியாத ஒருவருக்கு ஏட்டிலுள்ள உரிமை எவ்வாறு எட்டும்? இவற்றை எளிய தமிழில் எடுத்துரைத்து, மனுவும் எழுதித்தர வல்ல ஒருவர் அங்கேயே தேவை.

பையன் சேரட்டும், மலையாளமும் பிழையற எழுதக் கற்கட்டும் என்று உறவினருக்கு மறுமொழி எழுதினோம்.