சிறையில் "சிலை"யான கைதி! பென்சில் கொடுத்ததும் குட்டு உடைந்தது

கைதி அசையவில்லை. பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கண்ணைக்கூட எப்போதாவதுதான் சிமிட்டினான்.

"ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்றுதான் முதலில் முடிவு கட்டினார்கள். ஆனால் அவன் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்ததும் குட்டு உடைந்தது!

இந்தச் சம்பவம் நடந்தது அமெரிக்காவில். கலிபோர்னியா மாநிலம், சான் ஜோஸ் நகரம். 1982-ம் ஆண்டு ஜூலை மாதம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கைதி 40 வயதைத் தாண்டியவன். போதை ஊசிப் பழக்கம் உண்டு. சிறையில் இருந்தபோது உடம்பு கட்டை மாதிரி விறைத்துப்போனது. மனநோய் என்று கருதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே நரம்பு நோய் நிபுணர் டாக்டர் வில்லியம் லாங்ஸ்டன் அவனைப் பார்த்தார். விரல்கள் மட்டும் லேசாக அசைவது தெரிந்தது. உடனே காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

கைதி மெள்ள மெள்ள எழுதினான். தனக்கு என்ன நேர்ந்தது என்று தெரியவில்லை என்றான். என்ன செய்யவேண்டும் என்று தனக்குத் தெரிகிறது, ஆனால் உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது என்றும் எழுதினான்.

ஆக, அவனுக்குப் பைத்தியம் இல்லை. சிலைபோல் இருந்த உடம்புக்குள்ளே முழு நினைவோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்!

காதலிக்கும் அதே கதி

துருவி விசாரித்ததில், அவனுடைய காதலியும் அதேபோல் விறைத்துக் கிடப்பது தெரிந்தது. வேறு ஊரிலும் சிலர் இப்படியே கிடந்தார்கள். எல்லோரும் கள்ளத்தனமாக விற்கப்பட்ட ஒரு புதுச் "சரக்கை" ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள்.

சரக்கைப் பரிசோதித்தார்கள். எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் கலந்திருந்தது. ஹெராயின் போன்ற போதை மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கும்போது பக்குவம் தவறினால் உண்டாகிற பொருள் இது. மூளையின் நடுப்பகுதியில் கறுப்பாக ஒரு சிறிய இடம் இருக்கிறது. இந்த விஷம் அந்த இடத்தைத்தான் அழித்துவிட்டது.

வயதானவர்களைப் பல வருஷங்களாக மெள்ள மெள்ள வாட்டுகிற பார்க்கின்சன் நோய் தாக்குவதும் அதே இடத்தைத்தான்! 1983-ல் "சயன்ஸ்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இந்த விவரம் வெளியானதும் டாக்டர்கள் வட்டாரத்தில் பரபரப்பு ஏற்பட்டது.

தெருவில் கண்டுபிடித்த நோய்

இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமானவர் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817-ல் இதைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் 6 பேரைப்பற்றிய விவரம் இருந்தது. அவர்களில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே அல்ல. தெருவில் தள்ளாடி நடந்து போனவர்கள்! எத்தனையோ பேர் தினமும் பார்த்துவிட்டுப் போனவர்களை, அவர் ஒருவர்தான் நின்று கவனித்தார்.

நடுக்கம் மட்டும்தானா?

மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் சுரக்கிறது. கை கால்கள் நினைத்தபடி இயங்க அது வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் சாகச் சாக, உடம்பின் இயக்கம் தடுமாறுகிறது.

சும்மா இருக்கும்போது கை நடுங்கும். ஆனால் நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். சட்டைப் பித்தான் போட வெகுநேரம் பிடிக்கும். உடம்பு விறைக்கும். குரல் தேய்ந்துபோகும். முகத்தில் சிரிப்போ கோபமோ தெரியாது. கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கிவிடும். வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கை கால்களை உதறிக் கத்துவது போன்றவை பல வருஷம் முன்னதாகவே தலைகாட்டுவதும் உண்டு.

நடந்து வருகிறவர் வாசற்படி அருகில் திடீரென்று நின்றுவிடுவார். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். தரையில் ஒரு கோடு இருந்தால் பலர் அதைத் தாண்டிக் கால் எடுத்து வைத்துவிடுவார்கள்!

நோய் முற்றினால் சிலருக்கு ஞாபகசக்தி குறையலாம். மனச்சோர்வும் வரும். ஆனால் ஆரம்பத்தில் பெரும்பாலோருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது.

குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-ல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது.

மருந்து உண்டா?

உண்டு. லெவோடோபா என்ற மருந்து. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. சான் ஜோஸ் கைதிக்கும் இதைத்தான் கொடுத்தார்கள். சிலையாகக் கிடந்தவன் அசைந்தான், பேசினான்! ஆனால் செத்த செல்கள் திரும்புவதில்லை. நாளாக ஆக மருந்தின் வேகம் குறையும். உடம்பு தானாக நெளிகிற பக்க விளைவும் வரும்.

இதே பொருள் நம் ஊர் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1937-லேயே அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதற்காக விதையை வாங்கித் தின்றுவிடக்கூடாது. அளவு தெரியாமல் போனால் ஆபத்து. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. மணி தவறாமல் சாப்பிடவேண்டும்.

"என்னப்பா, காலையிலேயே தண்ணியா?"

இந்த நோயாளிகள் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஏச்சுகள் பல.

பஸ் படியில் கால் எழும்பாமல் நின்றால், "ஏறுய்யா சீக்கிரம்" என்று பின்னால் இருந்து ஒரு தள்ளு. கடையில் சில்லறை எண்ண நேரமானால் முணுமுணுப்பு. தள்ளாடினால் "குடிகாரன்" என்று பட்டம். பாங்கில் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் செக் திரும்பி வருகிறது. முகத்தில் சிரிப்பு இல்லை என்று சொந்தக்காரர்களே "தலைக்கனம்" என்கிறார்கள்.

பதில் சொல்ல அவர்களுக்கு ஆசைதான். வாய் திறந்து குரல் வருவதற்குள் கேட்டவர் போய்விடுகிறார்.

அடுத்த தடவை யாராவது படியில் தயங்கி நின்றால், தள்ளவேண்டாம். "மெதுவா ஏறுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும். வீட்டில் அப்பாவின் கையெழுத்து சுருங்கினாலோ, நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கினாலோ, "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் நரம்பு டாக்டரிடம் காட்டவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.