கரிக்கு மூத்த மலை

பெரகல பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ட்ரையர் அடுப்புக்கு விறகு தள்ளியவன் நான். தேயிலை காய்வது விறகுச் சூட்டில். கொழுந்து வாட்டும் காற்றாடியும் ரோதையும் சுற்றுவதோ கரண்டில். அந்தக் கரண்டில் கணிசமான பங்கு நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வருவது. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது. கரியை மாவாக அரைத்து எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். கரி வருவது கப்பலில். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் இறக்க முடியாது, முன்கூட்டியே குவித்துவைக்க வேண்டும்.

இத்தனை மலை இருந்தும் நமக்கு ஏன் ஒரு கூடைக் கரி இல்லை? சதுப்புக்காட்டு மரஞ்செடிகள் மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்தி வெந்ததுதான் நிலக்கரி. ஹப்புத்தளைக்கு அடியில் கிடக்கும் பாறையோ, பூமியில் காடு முளைக்கும் முன்பே உருவானது. அதில் எந்த மரம் புதையும்! போகலையில் தோண்டும் பென்சில்கரியும் கார்பன்தான், ஆனால் அடுப்புக்கு ஆகாது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம், நாடே இருண்டது. நுரைச்சோலை இயந்திரங்கள் மூன்றும் நின்றுபோய், அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. பழி குரங்குக்கு. 900 மெகாவாட்டை ஒரே இடத்தில் குவித்தவர்களை யார் கேட்டார்?

நம் ஊவாவிலேயே உமா ஓயா நீர்மின் திட்டத்தை 2024இல் திறந்தார்கள்: 120 மெகாவாட். புகையில்லை, கப்பல் வேண்டாம். ஆனால் அதற்குச் சுரங்கம் குடைந்தபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன.