எடை குறைக்க டாக்டரிடம் போன முதல் நாள்

மூன்று வருஷம் தள்ளிப் போட்டேன். நேரமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும் உண்மையான காரணம் வெட்கம்தான். "வாயைக் கட்டுங்க" என்று ஒருத்தர் திட்டுவதைக் கேட்க, பணமும் கட்டிவிட்டுக் காத்திருக்கணுமா? போன மாதம் ஒருவழியாக சென்னையில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தேன். நினைத்துப் போனது ஒன்று, நடந்தது வேறு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அளவுகள். எடை 84 கிலோ, உயரம் 172 செ.மீ. பி.எம்.ஐ. 28.4. அடுத்து டேப் வைத்து வயிற்றுச் சுற்றளவு: 102 செ.மீ. தொப்பைக்குக் கீழே போடும் பேன்ட்டின் சைஸ் இங்கே செல்லாது! உலகக் கணக்கில் பி.எம்.ஐ. 30-ஐத் தொட்டால்தான் உடல் பருமன். இந்தியர்களுக்கு 25-லேயே பருமன். வயிறு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்கணும்.

ஏன் இந்த வித்தியாசம்? புனேவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே போட்டு விளக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1%, யாக்னிக்குக்கு 21.2%. தராசு ஒன்றைச் சொல்ல, உடம்பு வேறொன்றைச் சொல்கிறது.

பிறகு டாக்டர் என் பின்கழுத்தைப் பார்த்தார். அங்கே இருந்த கருப்பை அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாமாம்.

அதற்கப்புறம் கேள்விகள். குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருதா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, வீட்டில் யாருக்கு சர்க்கரை...

"எடை எப்ப சார் ஏற ஆரம்பிச்சுது?"

"ஒரு நாலு வருஷமா டாக்டர்."

"அப்ப புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?"

ஆரம்பித்திருந்தேன். ஒற்றைத் தலைவலிக்கு வால்ப்ரோயேட். அது எடையைக் கூட்டக்கூடிய மருந்து. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் அப்படித்தான். நாலு வருஷமாக என் நாக்கை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! "நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட பேசி மாத்திக்கலாம்" என்றார்.

ஊசி பற்றி நானே கேட்டேன். மவுன்ஜாரோ, வெகோவி இரண்டும் 2025-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டனவே. அவர் பதிலுக்குக் கேட்டது: குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறதா? நிறுத்தினால் எடை திரும்ப ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சொன்னார். ரிப்போர்ட் வந்தபின் முடிவு.

எழுதிக் கொடுத்த டெஸ்டுகள்: வெறும் வயிற்று சர்க்கரை, மூன்று மாத சராசரி சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, கல்லீரல். நான் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனதால் ரத்தம் கொடுக்க மறுநாளும் அலைந்தேன். போகிறவர்கள் காலை நேரமாக வாங்கி, வெறும் வயிற்றில் போவது நல்லது. சர்க்கரைக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய ரிப்போர்ட்டுகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இலக்கு 5 சதவீதம். எனக்கு 4 கிலோ சொச்சம். அதற்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்குமாம். அன்றைக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. யாரும் திட்டவுமில்லை.