கூத்துக் கலையும் நம் பிள்ளைகளின் மேற்படிப்பும்

நாடகம், சினிமா, தொலைக்காட்சி ஆகியவற்றைப் பாடமாகக் கொண்டு எம்.ஏ. பட்டமும், அதற்கு மேல் டாக்டர் பட்டமும் பெறலாம் என்று சொன்னால் நம்மவரில் பலர் இன்றும் புன்னகை செய்வர். கூத்தாடுவதற்கும் ஒரு பட்டமா என்பதே அப்புன்னகையின் பொருள். திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர் முதலிய ஊர்களில் உத்தியோக நிமித்தம் வந்து தங்கிய நம் குடும்பங்களில், பிள்ளை பொறியியலோ கணக்கோ படித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பள்ளியிறுதி வகுப்போடு நின்று ரயில்வே குமாஸ்தாவாகிவிட்ட நமக்கு மேற்படிப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். விஷயம் நம் வாசலுக்கே வந்து நிற்பதால் சொல்லாதிருக்க இயலவில்லை.

நாம் வாழும் இச்சீமை தமிழுக்குப் புதியதன்று. 1911-இல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. எல்லைக் கோடு இவ்வாறு பலமுறை மாறியும், பாரதக் கூத்து மட்டும் கோட்டின் இருபுறமும் நடந்துகொண்டே வந்திருக்கிறது.

தமிழ்ப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் என்பதை இங்கே தர்மராஜா கோயில் என்று வழங்குவர். கோடைக்காலத்தில் பதினெட்டு நாளோ அதற்கு மேலோ அங்கே பாரத உற்சவம் நிகழும். பகலில் கதை, இரவில் கூத்து. பகற்கதை தமிழூரில் வில்லிபாரதப் பிரசங்கமாகவும், தெலுங்கூரில் ஹரிகதையாகவும் இருக்கும். இரவில் முகவீணையும் மத்தளமும் முழங்க, கட்டியங்காரன் முன்னே வந்து சிரிப்பு மூட்ட, திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் பாடிக்கொண்டே வெளிப்படுவான். கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரக்கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்னும். அருச்சுனன் தபசு நாளில் நடிகர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறிப் பாடுவார்; கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் காத்திருப்பர். இறுதி நாளில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுகளத்தில் கிடக்கும். பீமன் அதன் தொடையைப் பிளந்த பின்னரே திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி.

இவற்றையெல்லாம் நுணுகி ஆராய்ந்து நூல் எழுதியவர் யார்? அமெரிக்கரான ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இலும் 1991-இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா என்பவரின் தெருக்கூத்து நூல் 1990-இல் வந்தது. நெதர்லாந்துப் பெண்மணியான ஹன்னா டி புரூயின் 1999-இல் கட்டைக்கூத்தைப் பற்றி எழுதினார். கடல் கடந்து வந்து, தமிழைப் பாடமாகக் கற்று, இரவெல்லாம் கண்விழித்து எழுதிய நூல்கள் அவை. அவர்களை நாம் கைகூப்பி வணங்குகிறோம். ஆயினும் அவர்கள் வருந்திக் கற்ற மொழி நம் பிள்ளைகளுக்குத் தாயின் மடியிலேயே கிடைத்ததல்லவா?

தாய்மொழி மட்டுமா? பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்பதை நம் தாய்மார் ஒரு குறையாகவே பேசுகின்றனர். கூத்தை ஆராய்பவனுக்கோ அதுவே பெரும் முதல். ஒரே கர்ணன் கதை ஓர் ஊரில் தமிழிலும் பக்கத்தூரில் தெலுங்கிலும் பாடப்படும்போது, எந்த இடத்தில் பாட்டு மாறுகிறது, எந்தத் தாளம் மாறாமல் நிற்கிறது, விதூஷகன் எப்போது மொழி தாவுகிறான் என்று கண்டறிய இரண்டையும் அறிந்த காது வேண்டும். ஆனால் தமிழைப் பேச மட்டும் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு வாத்தியாரின் கைப்பிரதி வெறும் கோடுகளாகவே தோன்றும்.

படிக்க இடம் உண்டா எனில், உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தோன்றியது. அங்கே நாடகத்துறை உண்டு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் நாடகக் கலையில் முதுகலை பயிலலாம். சினிமாவுக்குப் புனே, பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய நிறுவனம் அது. அருகிலேயே, 1954-இல் எழுந்த வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும், 1997-இல் எழுந்த குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறைகள் உள்ளன. கூத்துப் பாடல்களை இலக்கியமாக ஆராய அவ்வழியும் திறந்திருக்கிறது.

சோற்றுக்கு வழி என்ன என்று தகப்பனார் கேட்பது நியாயமே. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் நிகழ்கலையும் ஒரு பாடம். அதில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், ஈராண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. தேறுவோர் சிலரே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். திருப்பதியிலேயே தேவஸ்தானத்தின் பக்தித் தொலைக்காட்சி 2008 முதல் நடந்து வருகிறது. படக்கருவியும் ஒலியும் அறிந்தவர்க்கு அத்தகைய இடங்களில் வேலை உண்டு.

கௌரவம் போய்விடுமே என்று அஞ்சுவோர் சித்தூர் வி. நாகையாவை எண்ணிப் பார்க்கலாம். ரேபல்லேயில் 1904-இல் பிறந்த அவர் சித்தூர் நாடக மேடையில் வளர்ந்து, அவ்வூரையே தம் பெயரில் ஏற்றுக்கொண்டார். 1945-இல் வந்த தமிழ் மீராவில் எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் ராணாவாக நடித்தார். 1946-இல் தியாகய்யா படத்தைத் தாமே இயக்கி நடித்தார். 1965-இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழரும் தெலுங்கரும் அவரை ஒருசேரத் தம்மவர் என்றனர்.

ஒரு வேண்டுகோள். நம் அன்பர்களில் சிலர் வீடுகளில் பாட்டனார் காலத்துக் கூத்து நோட்டுப் புத்தகங்கள் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைப் பழைய காகிதக் கடைக்குப் போடாமல், சங்கக் காரியதரிசியிடம் காட்டினால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம்.